லேபை விடுங்கள், முதலில் ஃபீஸ் கவுன்டருக்குப் போங்கள்

வாசகர் கேள்வி

நீலகிரியில் ஒரு சுயநிதி கலை அறிவியல் கல்லூரியில் லேப் இன்சார்ஜாக இருக்கும் சகோதரி ஒருவர் எழுதியிருக்கிறார். ஊர், கல்லூரி விவரங்களை அவர் கேட்டுக்கொண்டபடி எடுத்துவிட்டேன். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்டின் ஆதரவு நின்றுவிட்டது, கல்லூரிக் கம்ப்யூட்டர்களை என்ன செய்வது என்பதுதான் கேள்வி. நீளமான கடிதம். சாரத்தை மட்டும் தருகிறேன்.

கல்லூரியில் மொத்தம் 62 கம்ப்யூட்டர்கள். முதல் லேபில் 30, எல்லாம் 2014-இல் வாங்கியவை, நான்காம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ராம். இரண்டாம் லேபில் 24, 2019-இல் வாங்கியவை, எட்டாம் தலைமுறை ஐ5. மீதி 8 அலுவலகம், தேர்வுப் பிரிவு, நூலகம், முதல்வர் அறை என்று பரவிக் கிடக்கின்றன. ஒன்றைத் தவிர எல்லாவற்றிலும் விண்டோஸ் 10. அந்த ஒன்று ஃபீஸ் கவுன்டரில் இருக்கிறது, அதில் இன்னும் விண்டோஸ் 7. காரணம், பழைய ஃபீஸ் சாஃப்ட்வேரும் அதோடு கட்டிப்போட்ட டாட் மேட்ரிக்ஸ் பிரின்டரும்.

"நல்லாத்தானே ஓடுது, எதுக்குக் கை வைக்கணும்?" என்கிறார் முதல்வர். ஜூன் வரைக்கும் பணப் பேச்சே எடுக்காதே என்கிறார் தாளாளர். கோவையிலிருந்து வந்து பார்த்த டீலர் 62-ஐயும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்கச் சொல்லி கொட்டேஷன் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். கூட வேலை பார்க்கும் தம்பி, "கிராக் பண்ணி விண்டோஸ் 11 போட்டுடலாம் அக்கா, ஒரு வாரத்துல முடிஞ்சிரும்" என்கிறார். இவர் யோசனை வேறு: நெட்டைப் பிடுங்கிவிட்டு நல்ல ஆன்ட்டிவைரஸ் ஒன்று போட்டால் என்ன? லேபில்தான் டீப் ஃப்ரீஸ் (அணைத்துப் போட்டால் கம்ப்யூட்டரைப் பழைய நிலைக்கே கொண்டுவரும் மென்பொருள்) இருக்கிறதே, அது போதாதா? சில கம்ப்யூட்டர்களில் முன்பிருந்தே அப்டேட் வருவதில்லை, ஏன் என்று தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, "நாளைக்கு ஏதாவது ஆனால் என் தலையில்தான் விடியும்" என்ற பயம்.

பதில்

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தில் லேபைப் பற்றி மூன்று பக்கம் இருக்கிறது, ஃபீஸ் கவுன்டரைப் பற்றி நாலே வரி. நான் அதைத் தலைகீழாக வைத்துத்தான் யோசிக்கப் போகிறேன். உங்கள் கல்லூரியில் உண்மையிலேயே ஆபத்தான கம்ப்யூட்டர் அந்த 54-இல் எதுவும் இல்லை, கவுன்டர் ஜன்னலுக்குப் பின்னால் இருக்கும் அந்த ஒன்றுதான்.

அதற்கு முன்னால், 2025 அக்டோபர் 14 அன்று என்ன நடந்தது என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். முதல்வர் ஒன்றுமே நடக்கவில்லை என்று நினைக்கிறார், டீலர் எல்லாம் முடிந்துபோய்விட்டது என்கிறார். இரண்டும் சரியில்லை. அன்றோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தந்துவந்த பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றன, அவ்வளவுதான். கம்ப்யூட்டர் முந்தின நாள் மாதிரியே ஓடும். ஆனால் அதன் பிறகு கண்டுபிடிக்கப்படும் ஒவ்வொரு ஓட்டையும் அடைபடாமல் அப்படியே நிற்கும். அதே ஓட்டை விண்டோஸ் 11-இலும் இருந்து, அங்கே அதை அடைத்தார்கள் என்றால், எங்கே ஓட்டை இருந்தது என்று அந்தத் திருத்தமே காட்டிக்கொடுத்துவிடும். அதனால் முதல் மாதம் ஒன்றும் தெரியாது, வருடம் ஆக ஆகத்தான் ஆபத்து ஏறும். உங்களிடம் கொஞ்சம் நேரம் இருக்கிறது, நிறைய இல்லை. ஆபீஸ் 2016, 2019 இரண்டுக்கும் அதே தேதியில்தான் ஆதரவு நின்றது. அலுவலகத்தில் எந்த ஆபீஸ் இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை, பார்த்துவிடுங்கள்.

ஆன்ட்டிவைரஸ் பற்றி. விண்டோஸ் 10-இலேயே உள்ள டிஃபெண்டர் என்ற ஆன்ட்டிவைரஸுக்கு வைரஸ் பட்டியல் 2028 அக்டோபர் வரை வந்துகொண்டுதான் இருக்கும், மைக்ரோசாஃப்டே சொல்லியிருக்கிறது. இதைக் கேட்டு நிம்மதி அடைபவர்கள் உண்டு. ஆனால் வைரஸ் பட்டியல் வேறு, ஓட்டையை அடைப்பது வேறு. ஆன்ட்டிவைரஸ் தெரிந்த திருடனைப் பிடிக்கும், உடைந்த பூட்டை மாற்றாது. ஆகவே காசு கொடுத்து இன்னொரு ஆன்ட்டிவைரஸ் வாங்கும் எண்ணம் இருந்தால், அந்தப் பணத்தை எஸ்எஸ்டிக்கு (ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாகப் போடும் வேகமான டிஸ்க்) வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் சொல்கிறேன்.

ஃபீஸ் கவுன்டர்

விண்டோஸ் 7-க்குப் பொது ஆதரவு 2020 ஜனவரி 14-இல் முடிந்தது. காசு கொடுத்து நீட்டித்தவர்களுக்கும் 2023 ஜனவரியோடு சரி. குரோம் 109-ஆம் பதிப்போடு அதைக் கைவிட்டுவிட்டது. அதாவது உங்கள் கேஷியர் திறக்கும் பிரௌசர் 2023-லேயே நின்றுபோன பிரௌசர். கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "கல்லூரியின் பேங்க் கணக்கும் அதில்தான் பார்ப்பார்கள், ஸ்காலர்ஷிப் வேலையும் அதில்தான்." எனக்குத் தூக்கிவாரிப் போட்டது அந்த வரியில்தான். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன், ஆதிதிராவிடர் பழங்குடியினர் உதவித்தொகை என்று எதை எடுத்தாலும் ஆதார் நகல், சாதிச் சான்றிதழ், பேங்க் பாஸ்புக் முதல் பக்கம் எல்லாவற்றையும் ஸ்கேன் பண்ணி ஒரு ஃபோல்டரில் போட்டு வைத்திருப்பார்கள், வேலை முடிந்த பிறகும் அழிக்க மாட்டார்கள். லேபில் ஒரு கம்ப்யூட்டர் கெட்டால் சில புரோகிராம்கள் போகும். இங்கே கெட்டால் நூற்றுக்கணக்கான பிள்ளைகளின் ஆவணங்களும் கல்லூரியின் கணக்கும் போகும்.

ஜூனுக்குக் காத்திருக்காமல் இந்த வாரமே, காசில்லாமல் செய்யக்கூடியது இது: இரண்டாம் லேபிலிருந்து ஒரு எட்டாம் தலைமுறை கம்ப்யூட்டரைத் தூக்கிக் கவுன்டருக்குக் கொண்டுபோங்கள். பேங்க், ஸ்காலர்ஷிப், மெயில் எல்லாம் இனிமேல் அதில். பழைய விண்டோஸ் 7 கம்ப்யூட்டர் ரசீது அடிப்பதற்கு மட்டும் இருக்கட்டும், நெட் கேபிள் இல்லாமல், வைஃபை இல்லாமல். பேங்க் பாஸ்வேர்டுகளைப் புது கம்ப்யூட்டரில் உட்கார்ந்து மாற்றச் சொல்லுங்கள், பழையதில் வைத்து மாற்றினால் பிரயோஜனமில்லை.

"நெட்டைப் பிடுங்கிவிட்டால் போதுமா" என்று கேட்டீர்களே, இந்த ஒரு கம்ப்யூட்டருக்கு அது சரியான வைத்தியம், தற்காலிகமாக. 62-க்கும் அது சரிப்படாது, நெட் இல்லாத லேபில் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? மேலும் நெட் இல்லாத இடத்துக்கும் பென் டிரைவ் வரும். ஜெராக்ஸ் கடைக்குப் போய்வந்த பென் டிரைவ் நேராகக் கவுன்டரில் சொருகப்படுவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். ரசீது விவரத்தை வெளியே எடுக்க ஒரே ஒரு பென் டிரைவ் ஒதுக்கி, அதை வேறெங்கும் போகவிடாமல் கேஷியர் பொறுப்பில் வையுங்கள்.

ஃபீஸ் சாஃப்ட்வேரை எழுதிக் கொடுத்தவர் இன்னும் தொடர்பில் இருந்தால் விண்டோஸ் 11-இல் ஓடுமா என்று கேளுங்கள். இல்லையென்றால் டேட்டாவை எக்செல்லாக வெளியே எடுக்க முடிகிறதா என்று பாருங்கள், அது முடிந்தால் பாதி விடுதலை. பிரின்டர் ஒரு தடையே இல்லை. புது மதர்போர்டில் பேரலல் போர்ட் இருக்காது, அதற்குத் தனி கார்டு கிடைக்கிறது, யுஎஸ்பி உள்ள டாட் மேட்ரிக்ஸும் வந்து பல வருடம் ஆகிறது. எனக்குத் தெரிந்து பல அலுவலகங்களில் உண்மையான தடை எழுத்துரு. பாமினியிலும் வானவில்லிலும் அடித்த சுற்றறிக்கைகள், சான்றிதழ் மாதிரிகள் புது கம்ப்யூட்டரில் திறந்தால் கோழி கிறுக்கல் மாதிரி தெரியும், உடனே "இது வேணாம்மா, பழையதையே கொடுத்துடுங்க" என்று கொடி பிடிப்பார்கள். யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இலவசமாகவே இருக்கின்றன. தினமும் தேவைப்படும் பத்து இருபது கடிதங்களை நீங்களே முன்கூட்டி மாற்றிக் கொடுத்துவிடுங்கள், எதிர்ப்பு தானாக அடங்கும்.

இதோடு பேக்கப். ஃபீஸ் டேட்டா இப்போது ஒரே ஹார்ட் டிஸ்கில், அதுவும் பத்து வருடத்துக்கு முந்தையதில் இருக்கிறது என்று படிக்கும்போதே தெரிகிறது. மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்ட் போய்ப் போய் வரும் ஊர் உங்களுடையது. வாரம் ஒருமுறை இரண்டு வெளி டிஸ்கில் நகல் எடுத்து, ஒன்றை வேறு கட்டடத்தில் பூட்டி வையுங்கள். மாதம் ஒருமுறை அதிலிருந்து ஒரு ஃபைலைத் திரும்ப எடுத்துத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் என்றே கணக்கில் எடுப்பதில்லை.

இரண்டாம் லேப்: 24 கம்ப்யூட்டர்

இவற்றை டீலர் ஏன் குப்பையில் சேர்த்தார் என்பது எனக்கு விளங்கவில்லை (விளங்குகிறது, எழுத வேண்டாம் என்று பார்க்கிறேன்). இன்டெலின் எட்டாம் தலைமுறை விண்டோஸ் 11 ஏற்கும் பட்டியலிலேயே இருக்கிறது. உங்களிடம் இருப்பது அசல் விண்டோஸ் 10 என்றால் மேம்படுத்துவதற்குக் காசு கிடையாது. 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம், செக்யூர் பூட் (தொடங்கும்போதே கலப்படம் இருக்கிறதா என்று பார்க்கும் ஏற்பாடு), டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சாவிகளை வைத்திருக்கும் பகுதி) ஆகியவை வேண்டும். மைக்ரோசாஃப்டின் பிசி ஹெல்த் செக் என்ற சின்ன கருவியை ஓட்டினால் "டிபிஎம் இல்லை" என்று பல கம்ப்யூட்டர்களில் சொல்லும். பயப்படாதீர்கள். பெரும்பாலும் அது இருக்கும், பயாஸில், அதாவது கம்ப்யூட்டர் தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரையில், அணைத்து வைத்திருப்பார்கள். இன்டெல் போர்டில் பிடிடி என்ற பெயரில் தேடுங்கள். டிஸ்க் பழைய எம்பிஆர் முறையில் இருந்தால் செக்யூர் பூட் வேலை செய்யாது, புதிய ஜிபிடி முறைக்கு மாற்ற விண்டோஸிலேயே கருவி இருக்கிறது, அழிக்காமலே மாற்றும். ஆனாலும் முதலில் ஒரே ஒரு கம்ப்யூட்டரில் செய்து, ஒரு வாரம் ஓடவிட்டு, டாலியும் விஷுவல் ஸ்டுடியோவும் ஒழுங்காகத் திறக்கின்றனவா என்று பார்த்த பிறகு மற்ற 23-க்குப் போங்கள். அலுவலகத்து ஏழு கம்ப்யூட்டர்களிலும் இதே சோதனையை ஓட்டிப் பாருங்கள். தேறாததற்கு இந்த லேபிலிருந்து மாற்றிக் கொடுங்கள், லேபில் நாலு இடம் காலியானால் குடி முழுகிவிடாது.

முதல் லேப்: 30 கம்ப்யூட்டர்

இங்கேதான் உங்கள் தம்பியின் யோசனை வருகிறது. அவர் இரண்டு வெவ்வேறு விஷயங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்.

ஒன்று, ஏற்கப்படாத கம்ப்யூட்டரில் சோதனையைத் தாண்டி விண்டோஸ் 11 போடுவது. இதைச் செய்ய முடியும், நான்காம் தலைமுறையில் ஓடவும் ஓடும். ஆனால் அப்படிப் போட்ட கம்ப்யூட்டருக்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. வருடாந்திரப் புதுப் பதிப்பு தானாக வராது, 30-க்கும் நீங்களே கையால் போட வேண்டியிருக்கும். அதோடு 4 ஜிபி ராமில் விண்டோஸ் 11 ஊர்ந்துதான் போகும். லேப் நேரத்தில் பாதி, திறப்பதிலேயே போய்விடும்.

இரண்டாவது, ஆக்டிவேட் பண்ண கிராக் கருவி ஓட்டுவது. இதற்கு என் பதில் வேண்டாம் என்பதுதான், யார் சொன்னாலும். அந்தக் கருவிகள் முதல் வேலையாக ஆன்ட்டிவைரஸை அணைக்கச் சொல்லும். பாதுகாப்புக்காக ஒரு வேலையைத் தொடங்கி, யாரோ முகம் தெரியாத ஆள் எழுதியதை முழு அதிகாரத்தோடு 30 கம்ப்யூட்டரில் ஓட்டுவது என்ன நியாயம்? சட்டமும் இருக்கிறது. பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவு, திருட்டுப் பிரதி என்று தெரிந்தே ஒரு சாஃப்ட்வேரைப் பயன்படுத்துபவருக்கு 7 நாள் முதல் 3 வருடம் வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதமும் சொல்கிறது. லாபத்துக்காக இல்லையென்றால் நீதிமன்றம் சிறையைத் தவிர்த்து 50,000-க்குள் அபராதத்தோடு விடலாம். கவனிக்க வேண்டியது "தெரிந்தே" என்ற நிபந்தனை. மேலே இருப்பவர் வாய்மொழியாகச் சொன்னார், நான் போட்டேன் என்றால், தெரிந்தே செய்தவர் பட்டியலில் நீங்களும் இருப்பீர்கள்.

சரி, அப்படியானால் என்ன வழி? நேர்மையாகச் சொன்னால் இரண்டு.

முதல் வழி, விண்டோஸ் 10-க்கே நீட்டித்த பாதுகாப்புத் திருத்தங்களை வாங்குவது. டீலர் இதைச் சொல்லியிருக்க மாட்டார். நிறுவனங்களுக்கு முதல் வருடம் ஒரு கம்ப்யூட்டருக்கு 61 டாலர், பிறகு வருடா வருடம் இரட்டிப்பு. ஆனால் கல்வி நிறுவனங்களுக்கு மைக்ரோசாஃப்ட் அறிவித்த விலை முதல் வருடம் 1 டாலர், இரண்டாம் வருடம் 2, மூன்றாம் வருடம் 4. 2028 அக்டோபர் வரை கிடைக்கும். நடுவில் சேர்ந்தால் விட்ட வருடத்துக்கும் சேர்த்துக் கட்ட வேண்டும், அப்படியும் சில்லறைதான். கல்வி உரிமம் விற்கும் அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளர் மூலமாகக் கேளுங்கள், கம்ப்யூட்டர்களில் விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பான 22எச்2 இருக்க வேண்டும். வீட்டுக் கம்ப்யூட்டருக்கு இலவசமாகவே ஒரு வருடம் தருகிறார்கள், யார் மெயில் ஐடியிலாவது சேர்த்துவிடலாமே என்று யாராவது யோசனை சொல்லக்கூடும். அது தனிநபர்களுக்கானது, 2026 அக்டோபர் 13-இல் முடிந்துவிடும், கல்லூரி டொமைனில் சேர்ந்த கம்ப்யூட்டரில் ஏறவே ஏறாது.

இரண்டாவது வழி, விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ். எனக்கு உங்கள் முதல் லேபுக்கு இதுதான் பிடிக்கிறது, அவசரமில்லாமல் செய்தால். லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு 4 ஜிபியில் சுகமாக ஓடும், 22-ஆம் பதிப்புக்கு 2029 வரை ஆதரவு உண்டு. பழைய ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு ஒரு 240 ஜிபி எஸ்எஸ்டி போட்டால் 2014 கம்ப்யூட்டரா இது என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஒரு கம்ப்யூட்டரைப் பொறுமையாகத் தயார் பண்ணி, குளோன்ஜில்லா என்ற கருவியில் முழு டிஸ்கின் பிம்பம் எடுத்து மற்ற 29-இல் இறக்கிவிடலாம். இந்தப் பாதையில் நீங்கள் முதல் ஆளும் இல்லை. கூடலூரைத் தாண்டினால் வருகிற கேரளப் பள்ளிகளில் உபுண்டுவை அடிப்படையாக வைத்த கைட் லினக்ஸில்தான் பிள்ளைகள் படிக்கிறார்கள். நம் பக்கத்திலும் அரசு கொடுத்த இலவச லேப்டாப்புகளில் மத்திய அரசு நிறுவனமான சி-டாக்கின் பாஸ் லினக்ஸ் விண்டோஸோடு சேர்ந்தே வந்தது.

தகராறு வரப்போவது மாணவர்களிடமிருந்து இல்லை, ஆசிரியர்களிடமிருந்து. சி லேபில் இன்னும் டர்போ சி நீலத் திரைதானே? அது 16 பிட் காலத்து மென்பொருள், 64 பிட் விண்டோஸிலேயே டாஸ்பாக்ஸ் முட்டுக் கொடுத்துத்தான் நிற்கிறது. பாடத்திட்டம் சி மொழியைக் கேட்கிறது, டர்போ சியைக் கேட்கவில்லை. ஜிசிசி கம்பைலரும், நிரல் எழுத கோட்பிளாக்ஸும் இருந்தால் எல்லாப் பயிற்சியும் செய்யலாம். ஆனால் ரெக்கார்டு நோட்டில் வருடக்கணக்காக எழுதிவரும் கோனியோ ஹெடரும், திரையைத் துடைக்கும் கட்டளையும் ஜிசிசியில் கிடையாது, அவற்றை நீக்கினாலே பெரும்பாலான பயிற்சிகள் ஓடிவிடும். ரெக்கார்டை மாற்ற ஒரு மூத்த ஆசிரியரைச் சம்மதிக்க வைப்பது 30 கம்ப்யூட்டரில் லினக்ஸ் போடுவதைவிடக் கடினம், அதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஐஐடி பாம்பேயின் ஸ்போகன் டுடோரியலில் லினக்ஸ், சி, லிப்ரே ஆபீஸ் எல்லாவற்றுக்கும் தமிழிலேயே வீடியோ பாடங்கள் இருக்கின்றன, விடுமுறையில் நாலு பேரை உட்காரவைத்துப் போட்டுக் காட்டுங்கள்.

டாலி லினக்ஸில் நேரடியாக ஓடாது. டாட்நெட் லேபுக்கு விஷுவல் ஸ்டுடியோவும் வராது. அதனால் பி.காம். பிள்ளைகளையும் டாட்நெட் வகுப்பையும் இரண்டாம் லேபுக்கும், சி, பைத்தான், ஜாவா, வெப் டிசைன், மைஎஸ்கியூஎல் எல்லாவற்றையும் முதல் லேபுக்கும் ஒதுக்கி டைம்டேபிள் போடச் சொல்லுங்கள். இன்னொன்று, லினக்ஸுக்கும் ஆயுள் உண்டு. உபுண்டு 20.04-க்குப் பொது ஆதரவு 2025 மே மாதத்தோடு நின்றது. போட்டுவிட்டு மறந்துவிடலாம் என்ற எண்ணம் விண்டோஸ் 7-ஐ எங்கே கொண்டுவந்து நிறுத்தியதோ, இதையும் அங்கேதான் நிறுத்தும்.

அப்டேட் வராத கம்ப்யூட்டர்கள்

கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. இரண்டு காரணம் இருக்கலாம், உங்கள் லேபில் இரண்டுமே இருக்கும் என்று சந்தேகப்படுகிறேன்.

முதலாவது டீப் ஃப்ரீஸேதான். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டால் பழைய நிலைக்குத் திரும்புவதுதானே அதன் வேலை? அப்டேட்டுக்கும் அதே கதிதான். பகலெல்லாம் டவுன்லோடு ஆகி, மறுநாள் காலை எல்லாம் போய், மறுபடி முதலிலிருந்து. நெட்டும் வீண், ஒரு திருத்தமும் ஏறியிருக்காது. உறையவைத்த நாளில் என்ன இருந்ததோ அதுதான் இன்றும் இருக்கும், அது 2021 ஆகக்கூட இருக்கலாம். மாதத்தில் ஒரு நாள் உறைநிலையை நீக்கி, அப்டேட் போட்டு, மறுபடி உறையவைக்க வேண்டும். அதற்கான நேர அட்டவணை வசதி அந்த மென்பொருளிலேயே இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் மாதத்தின் இரண்டாம் செவ்வாய் அன்று திருத்தங்களை வெளியிடும், நமக்கு அது செவ்வாய் இரவு. அந்த வார சனிக்கிழமையை வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், டீப் ஃப்ரீஸ் இருந்தால் வைரஸ் ஒன்றும் செய்யாது என்ற நம்பிக்கையும் வேண்டாம். காலையில் வந்தது மாலைக்குள் பாஸ்வேர்டைத் திருடலாம், அதே நெட்வொர்க்கில் இருக்கும் அலுவலகக் கம்ப்யூட்டருக்கும் தாவலாம். லேபும் அலுவலகமும் ஒரே ஸ்விட்சில் இருந்தால் பிரித்துவிடுங்கள்.

இரண்டாவது காரணம் மலைக்கே உரியது என்று சொல்லலாம். மதர்போர்டில் இருக்கும் காசு அளவு பேட்டரி தீர்ந்துபோனால், மெயின் ஸ்விட்ச் அணைத்த ஒவ்வொரு முறையும் தேதி பின்னோக்கி ஓடிவிடும். சமவெளியிலும் இது உண்டு. ஆனால் மழை விடுமுறை, கரண்ட் இல்லாத நாட்கள் என்று அடிக்கடி முழுவதுமாக அணைந்துகிடக்கும் லேபில் சீக்கிரம் தலைகாட்டும். தேதி தப்பாக இருந்தால் பாதுகாப்பான இணையதளங்களின் சான்றிதழ்கள் செல்லாதவையாகத் தெரியும், அப்டேட் சர்வரோடும் பேச முடியாது. அதைவிட மோசம், தினமும் எச்சரிக்கைத் திரையைப் பார்த்துப் பார்த்து, எதைக் கண்டாலும் "தொடர்" என்று அழுத்தும் பழக்கம் பிள்ளைகளுக்கு வந்துவிடும். சிஆர்2032 என்று கேளுங்கள், எந்த வாட்ச் கடையிலும் கிடைக்கும். ஒரே நாளில் எல்லாவற்றிலும் மாற்றிவிடலாம். கையோடு ராமைக் கழற்றி, அதன் உலோகத் தொடுமுனைகளை அழிரப்பரால் துடைத்துப் போடுங்கள், ஈரக்காற்றில் அது பச்சை பிடித்திருக்கும்.

நெட் மெதுவாக இருக்கிறது என்றால், விண்டோஸில் டெலிவரி ஆப்டிமைசேஷன் என்ற அமைப்பை லேபுக்குள் மட்டும் என்று வைத்துவிடுங்கள். ஒரு கம்ப்யூட்டர் இறக்கியதை மற்றவை அதனிடமிருந்து வாங்கிக்கொள்ளும்.

முதல்வருக்கு ஒரு விஷயம் சொல்லுங்கள். 2017 மே மாதம் ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வான்னாக்ரை வைரஸ் உலகம் முழுக்கப் பரவியபோது அடி வாங்கியவற்றில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7 கம்ப்யூட்டர்கள். அப்போது அதற்கு ஆதரவு இருந்தது, ஓட்டையை அடைக்கும் திருத்தமும் அதே வருடம் மார்ச்சிலேயே வந்துவிட்டது. நல்லாத்தானே ஓடுது என்று போடாமல் விட்டவர்கள்தான் மாட்டினார்கள்.

உங்கள் தலையில் விடியாமல் இருக்க

வாய்ப்பேச்சை நிறுத்துங்கள். ஒரே பக்கத்தில் முதல்வருக்குக் கடிதம் எழுதி, தாளாளருக்கு நகல் வைத்து, இன்வர்டு நம்பர் வாங்கிக்கொள்ளுங்கள். எந்த கம்ப்யூட்டரில் எந்த விண்டோஸ், அதன் ஆதரவு முடிந்த தேதி, அதில் என்ன டேட்டா இருக்கிறது, நான் உடனே செய்யப்போவது என்ன, அனுமதி அல்லது பணம் தேவைப்படுவது எதற்கு. பயமுறுத்தும் வார்த்தை ஒன்றும் வேண்டாம். 62 கம்ப்யூட்டர் வேண்டும் என்று கேட்டால் தாளாளர் கையெழுத்துப் போட மாட்டார். 30 எஸ்எஸ்டி, பேட்டரிகள், ஒரு ஸ்விட்ச், இரண்டு வெளி டிஸ்க் என்று கேட்டால் ஜூன் வரை இழுக்க மனம் வராது. டீலரின் கொட்டேஷனையும் கூடவே இணைத்து வையுங்கள், உங்கள் தொகை இன்னும் அழகாகத் தெரியும்.

சட்டப்படி பார்த்தால், 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பொறுப்பை நிறுவனத்தின் மேல்தான் வைக்கிறது, லேப் இன்சார்ஜ் மேல் இல்லை. நியாயமான பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன, முக்கியமான கடமைகள் 18 மாதம் கழித்து நடைமுறைக்கு வரும். தாளாளருக்கு இந்த ஒரு வரி போதும். ஒருவேளை ஏதாவது நடந்தே விட்டால் மூடி மறைக்க உடன்படாதீர்கள். மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவு, தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கச் சொல்கிறது. பேங்க் கணக்கிலிருந்து பணம் போயிருந்தால் முதலில் சைபர் மோசடி உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள், அடுத்து பேங்க், அதற்கப்புறம்தான் மற்றவர்கள்.

வேலையை எப்போது செய்வது? செமஸ்டர் தேர்வு முடிந்து ஜூனில் திறப்பதற்குள். ஆனால் மே மாதம் மேலே வர யாருக்கும் மனசு வராது. சீசன் கூட்டம், மலர்க் கண்காட்சி, இ-பாஸ், ஒருவழிப் பாதை என்று மேட்டுப்பாளையத்திலிருந்து ஒரு பார்சல் வருவதே பெரும்பாடு. எஸ்எஸ்டி, பேட்டரி எல்லாவற்றையும் ஏப்ரலிலேயே வரவழைத்துவிடுங்கள்.

கடைசியாக, மாற்றும் கம்ப்யூட்டர்களைப் பக்கத்து ஊர்த் தொடக்கப் பள்ளிக்குக் கொடுத்துவிடலாம் என்று தாளாளர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் காலாவதியான விண்டோஸோடு கொடுத்தால் உங்கள் பிரச்சினையை அவர்கள் வாசலில் இறக்கி வைப்பதாகிவிடும். லினக்ஸ் போட்டு, ஓட்டிக் காட்டி, யாரைக் கூப்பிட வேண்டும் என்று ஒரு நம்பரும் எழுதிக் கொடுங்கள். அலுவலகத்து டிஸ்குகள் மட்டும் எக்காரணம் கொண்டும் வெளியே போகக் கூடாது, ஃபார்மேட் பண்ணினால் அழிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. முழுவதுமாக மேலெழுதி அழியுங்கள், கெட்டுப்போய்ச் சுழலாமல் நின்றுவிட்ட டிஸ்காக இருந்தால் டிரில் போட்டுவிடுங்கள். ஓடவே ஓடாதவற்றைக் காயலான் கடைக்கு எடை போடாமல், பதிவு பெற்ற மின்கழிவு மறுசுழற்சிக்காரரிடம் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள், கோவைக்கு இறங்கும் காலி வண்டி ஏதாவது இருந்தால் ஒரே நடையில் முடிந்துவிடும்.